சுவரைப் பார்த்த நாரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் குடியிருந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த இலவசப் பத்திரிகை நினைவுக்கு வரும். நாலே பக்கம். சைக்கிளில் வருகிறவர் சுருட்டி கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போவார். மழை நாளில் அது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஊறிக் கிடக்கும். மனை விற்பனை, டியூஷன், கொசுவலை விளம்பரங்களுக்கு நடுவே மூன்றாம் பக்கத்தில் ஒரு கால்பக்கம் என்னுடையது. வார நாளில் மின்சார ரயிலில் பீச் வரை போய் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுத்தாளன். சம்பளம் இல்லாத வேலை என்பதால் யாரும் என்னை நீக்க முடியாது என்கிற திமிர் கொஞ்சம் இருந்தது.

யார் வரைந்தது என்று யாருமே கேட்காத படங்கள் நம்மைச் சுற்றி ஏகப்பட்டவை இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்களைத் தேடிப் பிடித்து அறிமுகப்படுத்துவதுதான் என் கால்பக்கத்தின் வேலை. பெருங்களத்தூரில் லாரிகளின் பின்பக்கத்தில் தாமரை வரைகிறவரைப் பற்றி எழுதினேன். அவர் தாமரையில் எப்போதும் ஒரு இதழ் குறைவாக இருக்கும். ஏன் என்று கேட்டால், "முழுசா பூத்தா அப்பால வாடத்தான சார் வேணும்" என்றார். படப்பையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் வரைகிறவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பிள்ளையாரின் தும்பிக்கைக்கும், சர்ச் கல்யாணப் பத்திரிகையில் வரும் புறாவின் இறக்கைக்கும் ஒரே வளைவைத்தான் போடுவார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அசந்துபோனேன். குரோம்பேட்டையில் தையல்கடை வைத்திருந்த அக்கா, ஜாக்கெட் முதுகுக்கென்றே ஒரு நோட்டு நிறைய டிசைன் வரைந்து வைத்திருந்தார். எந்த முதுகுக்கு எது பொருந்தும் என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

ரயிலில் கூட வருகிறவர்கள், "இதெல்லாம் ஒரு கலையா சார்?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குரோம்பேட்டையில் ஆரம்பித்த சண்டை சில நாள் எழும்பூர் வரை போயிருக்கிறது.

நாரை கேட் விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. எண்பதுகளில் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் வயல் மனையாகி, மனை வீடாகிக்கொண்டிருந்தது. வீடு கட்டி முடிக்கிறவர்கள் கையில் மிச்சமிருக்கும் ஆசையையெல்லாம் இரும்பு கேட்டில் காட்டினார்கள். சூரியன், தென்னைமரம், மயில், வீணை. அவற்றில் ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். ஒற்றைக் கதவு கேட். அதில் ஒரு நாரை, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. கழுத்து, முதுகு, வால் எல்லாம் ஒரே கம்பியின் வளைவு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைத்துப் பின்தொடர்ந்து பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், தெருவில் போகிறவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தாலும். என் வீட்டுக்கும் அதையே வாங்கிப் போட்டேன்.

அந்த நாரையிடம் ஒரு விசித்திரம் இருந்தது. கேட்டின் ஒரு பக்கம் கீல், அது தூணோடு சேர்ந்தது. மறுபக்கம் தாழ்ப்பாள், வருகிற ஆள் கைவைக்கிற இடம். பறவை எதையாவது பார்க்க வேண்டும் என்றால் ஆள் வரும் பக்கத்தைத்தானே பார்க்கும்? இந்த நாரை கீல் பக்கம் திரும்பி, தூணை முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பகுதியில் எந்தத் தெருவுக்குப் போனாலும், எந்த நாரையைப் பார்த்தாலும் அப்படித்தான். சுவரைப் பார்த்து நிற்கவைத்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

காரணம் தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேம்ப் ரோட்டில் அந்த கேட்டுகளைச் செய்கிற வெல்டிங் கடைக்கே போய்விட்டேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"ஏன் அண்ணா, உங்க நாரை ஏன் சுவரையே பாத்துக்கிட்டு இருக்கு?"

"சார், வூட்டுக்கு வர்றவங்கள மூஞ்சிக்கு நேரா மொறச்சிகினு நின்னா நல்லாவா கீது? அதான் அப்பால திரும்பிக்கினு கீது. மரியாத சார், மரியாத!"

அந்தப் பதில் எனக்கு வெல்லக்கட்டியாக இனித்தது. யார் வரைந்தது என்றேன். "நம்ம டிசைன்தான் சார்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றுமே கேட்கவில்லை. தேடிப் போய்க் கேட்பதே தொழிலாக வைத்திருந்தவன், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வந்தேன். அடுத்த வாரம் கால்பக்கம் நிறைய எழுதித் தள்ளினேன். விருந்தாளியின் கண்ணைக் கூசவைக்காத பண்பு, இரும்பிலும் இளகும் தமிழ் மனம் என்றெல்லாம். இப்போது படித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் பத்திரிகை ஆபீஸுக்கு எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது.

"ஐயா, அந்த நாரை யாருக்கும் மரியாதை செய்யவில்லை. படம் வரைந்த தாளைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பியை வளைத்திருக்கிறார்கள். அது தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டிய பறவை. திருத்தி வெளியிட்டால் நன்றி."

கீழே பெயர் இல்லை. ஒரே ஒரு எழுத்து. சுழி வைத்து ஆரம்பித்து, வாலை நீட்டி முடிகிற ஒரு தமிழ் எழுத்து. அதற்கும் கீழே ஓர் அரசாங்க டிராயிங் ஆபீஸின் விலாசம், டிரேசிங் பிரிவு என்று. கையெழுத்து அச்சடித்ததைப் போல இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம்.

வந்தது பார் கோபம்! என் கட்டுரையில் நாலே வரியில் ஓட்டை போட்டது யார் என்று பார்த்துவிடலாம் என்று மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆபீஸுக்குப் போனேன். டிரேசிங் பிரிவு என்பது ஜன்னலோரம் சாய்வான மேஜைகள் போட்ட ஒரு நீள அறை. அந்த எழுத்தை அட்டையில் காட்டிக் கேட்டதும் கடைசி மேஜையைக் கைகாட்டினார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து நின்றார். நான் கொண்டுபோன கோபத்தை அங்கே வைக்க இடமில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க நல்லாதான் எழுதியிருந்தீங்க. பறவை மட்டும் தப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"நான்தான் சார் வரைஞ்சேன்."

அவர் சேலையூரில் தன் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கரணை வழியாகப் போகும் பஸ்ஸில்தான் தினமும் ஆபீஸ். அங்கே சதுப்புநிலத்தில் தண்ணீர் நிற்கிற மாதங்களில், ஜன்னல் சீட் கிடைத்தால், நாரைகளைப் பார்த்துக்கொண்டே வருவாராம். எண்பதுகளின் ஆரம்பத்தில் அண்ணன் வீடு கட்டியபோது அண்ணனுக்கு வெளியூரில் வேலை. கட்டட மேஸ்திரி, கேட்டுக்கு என்ன டிசைன் என்று கேட்டபோது, இவர் ஒரு டிரேசிங் தாளில் கேட்டின் அளவுக்கே நாரையை வரைந்து கொடுத்தார். மேஸ்திரி அதைக் கேம்ப் ரோட்டு வெல்டிங் கடையில் கொடுத்தார். முதல் நாரை கேட் அண்ணன் வீட்டு கேட்தான்.

"கிரகப்பிரவேசத்தன்னைக்குக் காலையிலதான் சார் கேட்டை மாட்டினாங்க. பார்த்தா பறவை சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்குது. மாவிலை கட்டிக்கிட்டிருக்காங்க, சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சு. நல்ல நாள்ல குறை சொல்ல வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன். மூடினது மூடினதுதான்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமை அண்ணா உங்க கட்டுரையை எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினார். நான் வரைஞ்சதுண்ணான்னு சொன்னேன். வீடே சிரிச்சுது. நீ டிரேசர்தானேம்மா, ஏதோ புக்கைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருப்பேன்னார்."

டிரேசர் என்றால் என்ன என்பதை அன்றுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். இஞ்சினியரோ டிராஃப்ட்ஸ்மேனோ பென்சிலால் போட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் அப்படியே எடுப்பவர். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் மூன்று கட்டம் இருக்கும்: வரைந்தவர், நகலெடுத்தவர், சரிபார்த்தவர். இருபது வருஷமாக இவர் கையெழுத்துப் போட்டது நடுக்கட்டத்தில் மட்டும். அதுவும் பெயரின் முதல் எழுத்தான அந்த ஓர் எழுத்துதான்.

"டிரேசிங் தாள்ல வரைஞ்சா அடியில வேற யாரோ வரைஞ்சது இருக்கும்னுதான் சார் எல்லாரும் நினைப்பாங்க. எங்கிட்ட இருந்தது அந்தத் தாள்தான். அதுல வரைஞ்சேன். அடியில ஒண்ணும் இல்ல சார். வெறும் மேஜைதான் இருந்தது."

திருத்தம் போடும்போது தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், பறவை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் போட்டால் போதும் என்றார். வீட்டுக்கும் வர வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ரயிலில் உட்கார்ந்தபோது எரிச்சலாக இருந்தது. பறவைக்குத் திருத்தம் போட்டுவிட்டு வரைந்தவரை விட்டுவிடுவதற்கா நான் ஒரு கால்பக்கம் வைத்திருக்கிறேன்?

அந்த சனிக்கிழமையே மறுபடி வெல்டிங் கடை. இந்த முறை நேரடியாகக் கேட்டேன். "அண்ணா, அந்த நாரைக்கு ஒரு தாள் இருந்துச்சே, அது எங்கே?"

கடைக்காரர் முகம் மாறியது. மறைக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் குழாயிலிருந்து சுருட்டிய தாளை உருவிக்கொண்டு வந்து, சிமெண்ட் தரையில் விரித்தார். மஞ்சளாகிப் போன டிரேசிங் தாள். தீப்பொறி பட்ட ஓட்டைகள், எண்ணெய்க் கறை. கோட்டின் மேலேயே நெருக்கமாக ஊசிக் குத்துகள். தாளைத் தரையில் போட்டு, ஊசிக்குத்தின் மேல் சாக்பீஸ் தூளைத் தட்டுவார். எடுத்தால் தரையில் நாரை புள்ளி புள்ளியாக இருக்கும். அதன் மேல் கம்பியை வைத்து வளைப்பார்.

"யாரு வரைஞ்சதுன்னு தெரியாது சார். மேஸ்திரி குடுத்தாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. இத்தினி வருசம் ஆச்சே, நம்முதுன்னு ஆயிப்போச்சு. அதான் அப்டி சொல்லிட்டேன்."

"கவுத்துப் போடறீங்களாமே?"

"ஆமா சார். மை இருக்கற பக்கம் அடியில போற மாதிரி. நம்ம கையெல்லாம் கிரீஸு. மேல வச்சா மை அழிஞ்சிடுமே. எவ்ளோ நைஸா போட்டுக்கீது பாரு! அத்த அழிக்க மனசு வருமா?"

இதுதான் விஷயம். அவர் அலட்சியமாக இருந்திருந்தால் நாரை சரியான பக்கம் பார்த்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் வைத்த மரியாதையால்தான் அத்தனை நாரையும் சுவரைப் பார்த்து நின்றன. நான் தாளைத் திருப்பிப் போட்டேன். பறவை தாழ்ப்பாள் பக்கம் திரும்பியது. வலது கீழ் மூலையில், தபால் அட்டையில் பார்த்த அதே எழுத்து. ஆபீஸ் பழக்கத்தில் கை தானாகப் போட்டிருக்கிறது. அதன் மேலும் ஊசிக் குத்துகள்.

"இது என்ன அண்ணா?"

"அது சுருள் சார். புல்லு மாரி. காலுக்குக் கீழ வரும்." தாளை உற்றுப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். "அய்ய, எழுத்தா இது? எழுத்துன்னு தெரிஞ்சிருந்தா வுட்டுட்டு வளைச்சிருப்பேனே சார்! கேட்ல எதுக்கு எழுத்து? இன்னா சார் இது, பேஜாரா போச்சே!"

அவரைச் சமாதானப்படுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். என் வீட்டு நாரையின் காலுக்குக் கீழே அந்தச் சுருள் இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுருள்தான், இடம் வலம் மாறியது. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, படியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கம்பிக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. உள்ளேயிருந்து பார்க்கும்போது அந்த எழுத்து நேராக, தெளிவாக, படிக்கும்படி நின்றது. ஆறு வருஷமாக அதே படியில் உட்கார்ந்துதான் காலைக் காபி குடிக்கிறேன். உலகத்தில் யாரும் கவனிக்காததை நான் கவனிக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவன் வேறு. வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்துத் தெருக்களிலெல்லாம் எத்தனையோ வீட்டுக்காரர்கள் தங்கள் படியில் உட்கார்ந்து அந்த அம்மாவின் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை சேலையூரில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். நல்ல மனிதர், ஓய்வுபெற வருஷம் ஒன்றிரண்டு இருக்கிற ஆள். என்னை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, "பத்திரிகைக்கார சார் வந்திருக்கார்" என்று உள்ளே குரல் கொடுத்தார். தங்கை காபியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் தம்ளரை வைத்துவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கினார்.

"அந்த மரியாதை பாயிண்ட் இருக்கே சார், சூப்பர்" என்று அண்ணன் என் உளறலை எனக்கே ஒப்பித்தார். "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்க வீட்டு கேட்தான் ஃபர்ஸ்ட் கேட்னு. இவகூட, தானே வரைஞ்சதா சொல்றா. டிரேசர் சார் இவ." தங்கையைப் பார்த்துப் பிரியமாகத்தான் சிரித்தார்.

நான் வாயைத் திறந்தேன். "சார், அதுக்கு ஒரு அடையாளம் இருக்கு. கேட்டுக்குக் கீழே பாருங்க" என்று கையை நீட்டியவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர்கள் வீட்டு நாரைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. கேட்டின் அடிப்பகுதி முழுவதையும் ஒரு துருப்பிடித்த தகரம் மறைத்திருந்தது, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி.

"அதுவா சார்? தெருநாய் பூந்துடும்னு இவதான் கட்டினா. கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுநாளே. நான் ஆள் வச்சுக் கட்டிக்கலாம்னேன், கேக்கல. தானே உக்காந்து கட்டினா."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எல்லாம் தெரியும். கிரகப்பிரவேசத்தன்று சுவரைப் பார்த்த பறவையை மட்டும் அவர் பார்க்கவில்லை. தன் எழுத்தும் கேட்டில் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறார், அண்ணன் வீட்டு வாசலில் தன் எழுத்தா என்று. இத்தனை வருஷமும் தெருத்தெருவாக அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்திருக்கிறார். வாழ்க்கையில் நான் உருப்படியாக வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. எங்களைத் தாண்டி நேராக கேட்டுக்குப் போய் உட்கார்ந்தார். நாலு மூலையிலும் கட்டுக்கம்பியை வெட்டினார். தகரம் சரிந்து சத்தத்தோடு தரையில் விழுந்தது.

"என்னம்மா பண்றே? நாய் வரும்!"

"நாய்க்கு இல்லண்ணா" என்றார். எழுந்து கேட்டை விட்டு ஓரமாகத் தள்ளி நின்றார்.

தகரத்துக்குப் பின்னால் இருந்த கம்பியில் பெயிண்ட் இன்னும் புதிதாக இருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு சத்தமாக அந்த ஓர் எழுத்தைப் படித்தார். அதன் பின் தங்கை பெயரின் மீதி எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னார், அவையும் அங்கே கம்பியில் இருப்பதைப் போல.